பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

“பெட்டி புதுசு மாதிரியே இருக்குங்க, உள்ளே கிருஷ்ணருக்குத்தான் தலை இல்லை” என்று பெங்களூரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் சொன்னபோது, அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பமே அதிகமாக இருந்தது. எனக்கும் அதே குழப்பம்தான். மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் செய்யப்படும் கொலு பொம்மைகளை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு வியாபாரத்தை நானும் என் கணவரும் தொடங்கி அப்போது மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு வருடங்களில் பொம்மை உடைந்ததாகப் புகார் வந்தால் காரணத்தைத் தேட வேண்டிய வேலையே இருக்காது. பெட்டி நசுங்கியிருக்கும், அல்லது வாய் பிளந்திருக்கும், அல்லது ஒரு மூலை நனைந்து கூழாகியிருக்கும். வாடிக்கையாளர் அனுப்பும் படத்திலேயே வழக்கு முடிந்துவிடும். அதனால்தான் மூன்றாம் வருடம் காசைப் பார்க்காமல் ஏழு பிளை பெட்டிகளை, அதாவது தட்டைத் தாளும் நெளிவு வைத்த தாளும் மாறி மாறி ஏழு அடுக்காக ஒட்டிய அட்டைப் பெட்டிகளை, வாங்கினோம். அதன் மேல் என் கணவர் ஏறி உட்கார்ந்தே காட்டினார், பெட்டி அசையவில்லை. அந்தப் பெட்டியில் போன தசாவதார செட்டில்தான் கிருஷ்ணருக்குத் தலை போயிருந்தது.

உடைசலைவிட என்னை அதிகம் உறுத்தியது கூரியர்காரர்களின் பதில். நஷ்ட ஈடு கேட்டு எழுதியதற்கு, பார்சலின் வெளிப்புறத்தில் சேதம் எதுவும் இல்லாததால் உள்ளே உடைந்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கூடுதல் விலை கொடுத்து நான் வாங்கிய பெட்டியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அந்த சீசனில் அறுபது சொச்சம் பார்சல்கள் அனுப்பினோம், பதினொன்றில் உடைசல். நோட்டைப் புரட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, அவற்றில் எட்டுப் பெட்டிகளின் மேல் ஒரு கீறல்கூட இல்லை என்று வாடிக்கையாளர்களே எழுதியிருந்தார்கள். கனமான பெட்டி வாங்கினால் உடைசல் குறைய வேண்டும் என்பது என் கணக்கு. குறைந்துதான் இருந்தது, ஆனால் நான் கொடுத்த விலைக்குக் குறையவில்லை. அதோடு உடைசலின் இடம் வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது. இது ஏன் என்று தெரியாமல் அடுத்த வருடத்துக்குப் பெட்டி வாங்கக் கை வரவில்லை.

கனம் என்கிற நம்பிக்கை

முதல் வருடம் நாங்கள் பெட்டியே வாங்கவில்லை. கீழமாசி வீதி மளிகைக் கடைகளிலும் பழக்கடைகளிலும் காலிப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். நாங்கள் பார்சல் கட்டத் தொடங்கும் ஆவணி மாதத்தில் ஆப்பிள் வரத்தும் நன்றாக இருக்கும் என்பதால், இமாசலத்து ஆப்பிள் பெட்டிகளே எங்களுக்கு அதிகம் அகப்பட்டன. அடிப்பெட்டியின் மேல் அதே உயரத்துக்கு இன்னொரு பெட்டி மூடியாகக் கவிழும் அந்த அமைப்பில் நாலு பக்கமும் இரட்டைச் சுவர் ஆகிவிடுவதால், பார்த்தாலே ஒரு மரியாதை வரும். (மூடியை உயர்த்திவைத்து அளவுக்கு மேல் பழத்தைத் திணிக்கிறார்கள் என்று விவசாயிகள் நெடுநாள் புகார் சொல்லி, 2024 சீசனிலிருந்து அந்த மாநிலத்தில் ஒரே துண்டாலான யூனிவர்சல் கார்ட்டன் கட்டாயமாகிவிட்டது.) ஆனால் இமாசலத்திலிருந்து மதுரைவரை இருபது கிலோவையும் அதற்கு மேலும் சுமந்து வந்த பெட்டி அது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பழைய பெட்டியின் மூலைகளில் விரலை வைத்து ஓட்டினால் எலும்பு முறிந்து கூடிய இடம்போல மெத்தென்று இருக்கும். ஒருமுறை மடங்கி நசுங்கிய நெளிவு மறுபடி எழும்பாது. அந்த வருடம் நசுங்கியவை எல்லாம் மூலையில்தான் நசுங்கின.

இரண்டாம் வருடம் கடையில் புதிதாக வாங்கினோம். மூன்று பிளை; பொன்மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அந்த நிறத்தையே வலுவின் அடையாளமாக நான் எடுத்துக்கொண்டேன் என்பதை இப்போது சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. அது காகிதக் கூழில் கலக்கும் சாயம். நம் நாட்டில் பெட்டிக்குப் போகும் கிராஃப்ட் தாளில் பெரும்பகுதி பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்வது. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் அதன் நார் கொஞ்சம் குட்டையாகிறது. நார் குட்டையாக இருக்கும் தாளுக்கு எந்தச் சாயம் பூசினாலும் பலம் வராது. பழுப்பும் சாம்பலுமாக மங்கலாக இருக்கும் தாள் சில சமயம் பளபளக்கும் தாளைவிட நல்ல தாளாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் எதையும் வைத்து அட்டையை எடைபோட முடியாது என்பது எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டிய இடம் அது. நாங்கள் புரிந்துகொண்டதோ, இன்னும் தடிமனாக வாங்க வேண்டும் என்பது.

தடிமன் ஏமாற்றும் என்பதற்குக் கையில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பெட்டிக்காரர்கள் தாளைப் பற்றிப் பேசும்போது ஜிஎஸ்எம், பிஎஃப் என்று இரண்டு எண்களைச் சொல்வார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கிறது என்பது, அதாவது கனம். பிஎஃப் என்பது அந்தக் கனத்துக்கு அந்தத் தாள் எவ்வளவு அழுத்தம் வரை கிழியாமல் நிற்கும் என்கிற தரம். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தத்தில் தாள் வெடிக்கும் என்பது வரும். 180 ஜிஎஸ்எம், 16 பிஎஃப் தாளுக்கு விடை 2.88. 120 ஜிஎஸ்எம், 28 பிஎஃப் தாளுக்கு 3.36. அதாவது மூன்றில் ஒரு பங்கு கனம் குறைந்த தாள் அதிகமாகத் தாங்குகிறது. பிளை எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குவது, துணிக்கடையில் நூல் என்னவென்று கேட்காமல் எத்தனை மடிப்பு என்று மட்டும் கேட்டு வாங்குவதற்குச் சமம். நான் இரண்டு வருடங்கள் அப்படித்தான் வாங்கினேன்.

கப்பலூரில் ஒரு பிற்பகல்

கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறிதாகப் பெட்டி போட்டுத் தரும் ஒரு கம்பெனியைப் பற்றிச் சொன்னார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, ஏழு பிளையைவிடக் கனமாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். மறுமுனையில் இருந்த பெரியவர் விலை சொல்லவில்லை. “முதல்ல உடைஞ்ச பெட்டிய எடுத்துட்டு வாங்கம்மா. பொம்மை வேணாம், பெட்டி போதும்” என்றார். நல்லவேளையாக, பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு மாற்று பொம்மை கொடுத்துவிட்டு, கிருஷ்ணரையும் பெட்டியையும் தன்னோடு கொண்டுவந்திருந்தான். அதை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனோம்.

நீளமான தகரக் கொட்டகை அது. ஒரு பக்கம் கிராஃப்ட் தாள் சுருள்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. சிங்கிள் ஃபேசர் என்கிற இயந்திரம் சூடான பல்லுருளைகளுக்கு நடுவே தாளை இழுத்து நெளிநெளியாக்கி, இன்னொரு தாளோடு ஒட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மக்காச்சோள ஸ்டார்ச் பசை காயும்போது வரும் வாசம், சோறு வடித்த பானையின் வாசம்போலக் கொட்டகை முழுவதும் இருந்தது. ஓரத்தில் இரண்டு பெண்கள் காலால் மிதித்துப் பின் அடிக்கும் இயந்திரத்தில் பெட்டிகளின் வாயைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி, எட்டு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விளிம்புகளில் உள்ளங்கையை ஓட்டினார். பிறகு அதைச் சாய்த்து, செல்போன் விளக்கைப் போட்டுத் தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். “இங்க வந்து பாருங்க” என்று அவர் காட்டிய இடத்தில், உள்சுவரில், நகத்தால் அழுத்தியதுபோல ஒரு சிறு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் நீல வண்ணம் ஒட்டியிருந்தது. “கிருஷ்ணரா?” என்றார். ஆமாம் என்றேன். “எதிர்ச்சுவர்லயும் இருக்கும் பாருங்க” என்றார். இருந்தது. வெளியிலிருந்து பெட்டிக்கு ஒரு அடியும் இல்லை. உள்ளேயிருந்து இரண்டு அடி. பொம்மையைச் சுற்றிய தாள் கிழிந்து, புல்லாங்குழல் பிடித்த கை சுவரில் போய் மோதி, திரும்பி வந்து மறுபக்கமும் மோதியிருக்கிறது. “ஊஞ்சல் ஆடியிருக்காரு” என்றார் பெரியவர்.

அந்த நீலக் கறையைப் பார்த்த நொடியில்தான் மூன்று வருடமாக நான் கேட்டுவந்த கேள்வியே தவறு என்று எனக்குப் பட்டது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் கோட்டைச் சுவராகவே நான் பெட்டியைப் பார்த்து வந்திருக்கிறேன். கோட்டை பத்திரமாக இருந்தது. உள்ளே இருந்தவர் அந்தக் கோட்டைச் சுவரிலேயே மோதிக்கொண்டார். பெட்டியை என்ன வைத்து நிரப்பினீர்கள் என்று பெரியவர் கேட்டார். செய்தித்தாளைக் கசக்கி வைத்ததாகச் சொன்னேன். “கசக்கின பேப்பரு வீட்ல வச்சுப் பாக்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும். லோடு வண்டி மேலூர் தாண்டுறதுக்குள்ள படிஞ்சிரும். அப்புறம் உள்ள காத்துதான்” என்றார். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள பெட்டி அது. பத்து பொம்மைகளுக்கு அதில் பாதி இடம்கூடத் தேவையில்லை. பெரிய பெட்டியில் நிறையத் தாள் வைக்கலாம், நிறையத் தாள் இருந்தால் நிறையப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தோம்.

அவர் அடுத்துச் சொன்னது இன்னும் ஆழமாக இறங்கியது. “இந்தப் பெட்டி தனக்கு அடிபடாமப் பாத்துக்கிச்சும்மா. அப்ப அடி எங்க போகும்? உள்ளதான் போகும்.” வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடத்து இயற்பியலை நினைவுபடுத்தி ஒரு கணக்குப் போட்டேன். 76 செ.மீ. உயரத்திலிருந்து விழும் ஒரு பொருளை ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், அதன் எடையைப் போல ஏறத்தாழ 76 மடங்கு விசை அதன் மேல் இறங்குகிறது. அதையே நாலு சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல அமுங்கி நிற்கும்படி செய்தால் 19 மடங்கு. உயரமும் பொம்மையும் மாறவில்லை. நிற்பதற்குக் கிடைத்த தூரம் மட்டும்தான் மாறியது. சுட்ட மண்ணின் மேல் பாரத்தை வைத்தால் அது தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. அதுவும் அச்சில் அழுத்தி எடுத்து உள்ளே கூடாக விட்டுச் சுட்ட பொம்மையில், கழுத்தும் உயர்த்திய கையும்தான் முதலில் போகும். அசையவே அசையாத ஏழு பிளைச் சுவர் நிற்பதற்குத் தூரம் எதையும் கொடுப்பதில்லை. தரை விழுந்த பெட்டிக்குக் கொடுத்ததை அது அப்படியே பொம்மைக்குக் கொடுத்துவிடுகிறது.

இதற்காகப் பெட்டி வலுவாக இருக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய பெட்டி ஒன்றைத் தரையில் நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்று காட்டினார். எழுபது கிலோ இருப்பார். பிறகு அதே அட்டையில் அதே அளவில் செய்திருந்த இன்னொரு பெட்டியை எடுத்து வைத்து ஏறினார். அது முனகிக்கொண்டே ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் நெளிவு ஓடும் திசைதான். முதல் பெட்டியில் நெளிவுகள் தூண்களைப்போல மேலிருந்து கீழாக நின்றன, இரண்டாவதில் படுத்திருந்தன. அட்டை வெட்டும்போது கழிவு குறைகிறது என்று சிலர் இப்படித் திருப்பி வெட்டிவிடுவார்கள், வாங்குகிறவர் கவனிப்பதில்லை என்றார். பெட்டியின் வெட்டு விளிம்பைப் பார்த்து நெளிவு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். அதைச் செய்யாமல் மூன்று வருடங்கள் ஓட்டியிருக்கிறேன்.

அடுக்கில் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சூத்திரமே உண்டு என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1963ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆப்பிள்டன் நகரத்துக் காகித வேதியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மெக்கீயும் அவருடைய சகாக்கள் இருவரும் கொடுத்தது. இன்றும் பெட்டித் தொழிலில் அதைத்தான் கையாளுகிறார்கள். அட்டையை விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் எவ்வளவு தாங்குகிறது, அட்டையின் தடிமன் என்ன, பெட்டியின் சுற்றளவு என்ன என்ற மூன்றே விஷயங்களில் அது முடிந்துவிடுகிறது. நான் மேலே பெருக்கிக் காட்டிய பிஎஃப் அதில் இல்லை. தாள் வெடிப்பது வேறு, நின்றுகொண்டு சுமப்பது வேறு. ஆணியை நிரப்பிய பெட்டிக்கு முதலாவது முக்கியம்; குடோனில் எட்டு வரிசை அடுக்கின் அடியில் நிற்கப்போகும் பெட்டிக்கு இரண்டாவது.

வைக்கோலும் விளக்குக் கண்ணாடியும்

விளாச்சேரியில் நாங்கள் பொம்மை வாங்கும் வீட்டு அக்காவிடம் இந்த ஊஞ்சல் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் மாமனார் காலத்தில் மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு பொம்மையையும் வைக்கோல் பிரியால் கழுத்துவரை சுற்றி, பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவில் கை நுழையாத அளவுக்குத் திணித்து பஸ்ஸின் மேல் ஏற்றிவிடுவார்கள் என்று சொன்னார். “கூடை வளையும்ல, அதான் பொம்மை தப்பிக்கும்” என்றார். கூடை வளையும் என்பதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் கொலு முடிந்து பரணுக்கு ஏறும் பொம்மைகளையும் பாட்டிமார்கள் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் நெருக்கித்தானே வைத்தார்கள்.

நெளி அட்டையும் அந்த வைக்கோலின் இடத்துக்குத்தான் முதலில் வந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நெளிவு வைத்த தாளுக்கு 1856ல் இங்கிலாந்தில் வாங்கிய முதல் காப்புரிமை, ஆண்களின் உயரத் தொப்பிக்கு உள் அணையாக வைப்பதற்கானது. 1871ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றது, கண்ணாடிப் புட்டிகளையும் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிகளையும் சுற்றுவதற்கான நெளிதாளுக்கு. அதற்கு அப்போது மேல்தாள்கூடக் கிடையாது. மூன்று வருடம் கழித்து ஆலிவர் லாங் என்பவர் அதன் மேல் தட்டைத் தாள் ஒட்டினார். சுவராக நின்று சுமக்கும் பெட்டி என்பது அதற்கும் பிறகு வந்த வேலை. மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக்காகப் பிறந்த ஒன்றை நான் மண் பொம்மைக்கு மதில் சுவராக மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

செட்டியார் விழுந்த கதை

பெரியவர் கடைசியில் போட்டுத் தந்தது ஐந்து பிளை. அதில் உள்பக்கம் அகல ஃப்ளூட், அதாவது ஏறத்தாழ 5 மி.மீ. உயர நெளிவு, வெளிப்பக்கம் குறுகிய ஃப்ளூட், ஏறத்தாழ 3 மி.மீ. குறுகிய நெளிவு வெளியில் இருந்தால் குத்தும் உரசலும் தாங்கும், அச்சும் நன்றாக விழும். அகல நெளிவு உள்ளே இருந்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பது அவர் கணக்கு. பெட்டியின் உள்ளே மூன்று பிளையில் தடுப்பு அட்டைகள். ஒன்றோடொன்று கோத்து, பொம்மைக்கு ஓர் அறையாக இரண்டு வரிசையில் பத்து அறைகள். அடியிலும் மேலும் நாலு சென்டிமீட்டருக்கு மெத்தை. ஏழு பிளை வேண்டும் என்று நான் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். “அது மோட்டாருக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும்மா. பொம்மைக்கு எதுக்கு?” என்று மறுத்துவிட்டார். பெரிய ஆர்டரை வேண்டாம் என்று சொன்ன ஒரு வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

வந்த பெட்டியை நம்புவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்சல் சோதனைக்கு உலகமெங்கும் எடுத்துக்கொள்ளும் ஒரு முறையில், பத்து கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலையில் ஒருமுறை, அந்த மூலையிலிருந்து பிரியும் மூன்று விளிம்புகளில் மும்முறை, ஆறு முகங்களில் ஆறுமுறை. எங்கள் சாப்பாட்டு மேசையின் உயரத்தை டேப்பில் அளந்தேன், 76. ஆகவே சோதனைச்சாலை கூடத்திலேயே அமைந்துவிட்டது. வண்ணம் சரியாக அமையாமல் ஒதுக்கிய பொம்மைகளை எடுத்து அடுக்கும்போது என் மாமியார் வந்து நின்றார். தசாவதாரத்தை மேசையிலிருந்து தள்ளப்போகிறோம் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. “பெருமாளைத் தூக்கிப் போட்டுப் பாக்குற வியாபாரம் நமக்கு வேண்டாம்” என்றார். வாதாட முடியாத விஷயம். பெருமாளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் தம்பதிகளாகப் பத்து பொம்மைகளை வைத்து மூடினோம்.

செட்டியார்கள் பத்து முறை விழுந்தார்கள். மூலையில் விழுந்தபோது பெட்டியின் அந்த மூலை உள்ளங்கை அளவுக்கு அமுங்கிவிட்டது. திறந்து பார்த்ததில் ஓர் ஆச்சி மட்டும் காதோரம் வண்ணம் உதிர்ந்திருந்தார். மற்ற ஒன்பது பேரும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு பழைய ஏழு பிளைப் பெட்டியில் செய்தித்தாள் திணித்து அதே சோதனையைச் செய்தோம். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே நாலு பேர் உடைந்தார்கள். மேசையிலிருந்து மூன்றாவது முறை விழும்போதே உள்ளே ஒரு சத்தம் மாறியது. உடைந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு பார்சலையும் ஒட்டியவுடன் காதருகே வைத்து லேசாகக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே மௌனமாக இருந்தால்தான் முகவரி ஒட்டுவோம்.

மழை தனி வழக்கு. மும்பைக்கு நாங்கள் அனுப்புவது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், அங்கே மழை விடாத மாதங்கள். பெட்டி மழையில் நனைந்தால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும்; நனையாமலே கெடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டும் குடோனில் நிற்கும் பெட்டி, சாதாரண உலர்ந்த நிலையில் சுமக்கும் பாரத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் சுமக்கும். எங்கள் பெட்டிகளையே எட்டு வரிசை அடுக்கினால் அடிப்பெட்டியின் மேல் 42 கிலோ. ஆனால் குடோனில் நம் பெட்டியின் மேல் நம் பெட்டிதான் வரும் என்று யார் சொன்னது? கிரைண்டரும் வரலாம். மூலைக்கு மேல் மூலை வருமாறு நேராக அடுக்கினால் தாங்கும் பெட்டி, செங்கல் சுவரைப்போல மாற்றி மாற்றி அடுக்கினால் பாதிப் பலத்தை இழக்கிறது, ஏனென்றால் பாரத்தைச் சுமப்பதில் பெரும்பங்கு மூலைகளுடையது. அடுக்கும் பையனின் கையில் இருப்பதை நான் மாற்ற முடியாது. ஆகவே மும்பைக்குப் போகும் பெட்டிக்கு மட்டும் விளிம்பில் நின்று கூடுதலாகத் தாங்கும் அட்டையைக் கேட்டு வாங்குகிறோம், உள்ளே ஒரு பாலிதீன் உறை போடுகிறோம், அடியிலும் மேலும் நடுக்கோட்டில் ஒட்டிய டேப்பின் இரு முனைகளிலும் குறுக்கே இன்னொன்று ஒட்டி எச் எழுத்துப்போல முடிக்கிறோம்.

இதில் செலவு ஏறியிருக்கும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கூரியரில் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து, அது கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் காசு வாங்குவார்கள். எங்கள் பழைய பெட்டிக்கு அந்தக் கணக்கில் 21.6 கிலோ வந்தது. புதிய பெட்டியின் வெளி அளவு 50, 28, 30, கணக்கு 8.4 கிலோ. உள்ளே இருப்பது இரண்டிலும் அதே ஐந்து கிலோ பொம்மைதான். மூன்றாம் வருடம் முழுக்க நாங்கள் மதுரைக் காற்றை பெங்களூருக்கும் சென்னைக்கும் கிலோ கணக்கில் அனுப்பி வாடகை கட்டியிருக்கிறோம். தடுப்பு அட்டைக்கும் மெத்தைக்கும் ஆன செலவு அந்த வாடகையில் ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது.

போன நவராத்திரிக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பெட்டியின் ஒரு மூலை முழுதாக உள்ளே போயிருந்தது. பக்கவாட்டில் யாரோ ஷூ காலால் மிதித்த தடம். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. கீழே, “பொம்மை எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பெட்டி இப்படி வந்திருக்கிறதே, கொஞ்சம் நல்ல பெட்டியாகப் போடக் கூடாதா” என்று எழுதியிருந்தார். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்கும் என் கணவருக்கும் அரை மணி நேரம் பேச்சு. முடிவில், பரணில் வைப்பதற்கு உதவும் என்று புதிய பெட்டி ஒன்றை, தடுப்புகளோடு, காலியாக அனுப்பி வைத்தோம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கருட வாகனம். இறக்கையை விரித்தபடி நிற்கும் கருடனை எந்த அறைக்குள் வைத்தாலும் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டர் விட்டால் பெட்டி வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. விடாவிட்டால் இறக்கை போகிறது. பெரியவர் மூன்று மாதிரிகள் போட்டுப் பார்த்தார். மூன்றிலும் செட்டியாருக்குப் பதில் வைத்த பழைய கருடன் இறக்கையை இழந்தார். அதனால் சென்னைக்குக் கருடன் கேட்பவர்களிடம் பத்து நாள் பொறுக்கச் சொல்கிறோம். தெரிந்தவர் யாராவது வைகை எக்ஸ்பிரஸில் போகும்போது, அவர் மடியில் விரித்த துண்டின் மேல் உட்கார்ந்து கருடன் போகிறார்.